பாட் டில்மன்

பாட் டில்மன் (நவம்பர் 6, 1976 - ஏப்ரல் 22, 2004) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறை அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். தேசியக் காற்பந்துச் சங்கத்தின் (என்.எஃப்.எல்.) அரிசோனா கார்டினல்ஸ் அணிக்காக 1998 முதல் 2001 வரை நான்கு பருவங்கள் விளையாடினார். செப்டம்பர் 11, 2001 தாக்குதல்களுக்குப் பின்னர், 36 இலட்சம் டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தை விட்டுவிட்டு 2002 இல் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தார். 2004 இல் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். எதிரிகளால் கொல்லப்பட்டதாக முதலில் அறிவிக்கப்பட்டபோதிலும், அவர் சொந்தப் படையினரின் துப்பாக்கிச் சூட்டிலேயே இறந்தார் என்பது பின்னர் வெளியானது. இவ்வுண்மை மறைக்கப்பட்ட விதம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை சென்றது.

இளமை

பாட்ரிக் டானியல் டில்மன் என்பது இவரது முழுப்பெயர். கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்து, சான் ஹொசே நகரின் புறத்தே உள்ள நியூ அல்மடென் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். மூன்று சகோதரர்களில் இவரே மூத்தவர். கெவின், ரிச்சர்டு ஆகியோர் இவரது தம்பியர். சான் ஹொசேயில் உள்ள லேலண்ட் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இவர், பள்ளி அணி வட்டார வாகையர் பட்டம் வெல்லக் காரணமாக இருந்தார்.

பள்ளி இறுதிக் காலத்தில் நண்பர் ஒருவருக்காகத் தலையிட்ட சண்டையில் இளைஞர் ஒருவரைக் கடுமையாகத் தாக்கியதற்காக, சிறார் காவல் இல்லத்தில் 30 நாட்கள் வைக்கப்பட்டார். தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் பழக்கம் இந்நிகழ்விலிருந்தே தமக்கு ஏற்பட்டதாகப் பின்னாளில் அவர் கூறியுள்ளார்.

கல்லூரி ஆட்டம்

1994 இல் விளையாட்டு உதவித்தொகை பெற்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஐந்தடி பதினொரு அங்குல உயரமே கொண்டிருந்ததால், இவ்வாட்டத்திற்குத் தேவையான உடற்கட்டு இல்லாதவராகவே பலரும் இவரைக் கருதினர். புதிய மாணவர்களை முதலாண்டில் ஆடவிடாமல் வைத்திருந்து, அவர்களது விளையாட்டுத் தகுதிக்காலத்தை ஓராண்டு நீட்டித்துக் கொள்வது அங்கே வழக்கம். டில்மன் அதற்கு இணங்கவில்லை. நான்கு ஆண்டுகளே கல்லூரியில் இருக்கப்போவதாகப் பயிற்சியாளர் புரூஸ் சினைடரிடம் தெளிவாகக் கூறிவிட்டார்.

இங்கு அவர் லைன்பேக்கர் நிலையில் ஆடினார். தற்காப்பு அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, பந்துடன் ஓடிவரும் எதிரணி வீரரை மடக்கி வீழ்த்துவது இந்நிலையில் ஆடுபவரின் முதன்மைப் பணியாகும். 1996 பருவத்தில் பல்கலைக்கழக அணி, முந்தைய ஆண்டின் வாகையரான நெப்ராஸ்காவை 19-0 என்ற கணக்கில் தோற்கடித்ததுடன், வழமையான ஆட்டங்கள் பதினொன்றையும் வென்றது. 1997 சனவரி 1 இல் நடைபெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 20-17 என்ற கணக்கில் தோற்றது. எதிரணியின் வெற்றிப் புள்ளிகள் ஆட்டம் முடிய 19 நொடிகள் இருந்தபோது பெறப்பட்டவை.

1997 இல் பசிபிக்-10 கூட்டமைப்பின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படிப்பிலும் சிறந்து விளங்கிய இவர், சந்தைப்படுத்தல் துறையில் பட்டப்படிப்பை மூன்றரை ஆண்டுகளில் முடித்தார். நான்குக்கு 3.85 என்பது அவரது தரப்புள்ளிச் சராசரி.

தொழில்முறை ஆட்டம்

என்.எஃப்.எல். அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்கின்றன. 1998 தெரிவில் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில், 226 ஆவது வீரராகவே டில்மன் தேர்வானார். தேர்வு செய்த அணி, அவர் கல்லூரியில் ஆடிய அதே டெம்பி நகர் விளையாட்டரங்கில் அப்போது ஆடிவந்த அரிசோனா கார்டினல்ஸ் ஆகும்.

தொழில்முறை ஆட்டத்தில் அவர் சேஃப்டி நிலைக்கு மாற்றப்பட்டார். இந்நிலையில் ஆடுபவர் தற்காப்பின் கடைசி வரிசையில் நின்று, முன்வரிசைகளைத் தாண்டி வருபவரைத் தடுக்க வேண்டும். நீண்ட தொலைவு எறியப்படும் பந்தையும் காக்க வேண்டும். முதல் பருவத்திலேயே 16 ஆட்டங்களில் பத்தைத் தொடக்க ஆட்டக்காரராக ஆடினார். 2000 பருவத்தில் 224 முறை எதிரணியினரை மடக்கியதாக அணியின் கணக்கு கூறுகிறது. இது அப்போது அவ்வணியின் சாதனையாக இருந்தது. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் எழுத்தாளர் பால் சிம்மர்மன், அவ்வாண்டிற்கான தமது சிறந்த வீரர்கள் பட்டியலில் டில்மனைச் சேர்த்தார்.

இதனையடுத்து செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணி, ஐந்து ஆண்டுகளுக்கு 90 இலட்சம் டாலர் தர முன்வந்தது. தன்னைத் தெரிவு செய்த அணியை விட்டுச் செல்ல விரும்பாத டில்மன் அதனை மறுத்து, மிகக் குறைந்த ஊதியத்தில் கார்டினல்ஸ் அணியிலேயே நீடித்தார். ஆட்டம் இல்லாத மாதங்களில் ஒரு மாரத்தான் ஓட்டத்திலும், நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த நெடுந்தொலைவுப் போட்டி ஒன்றிலும் பங்கேற்றார்.

இராணுவத்தில் சேர்தல்

செப்டம்பர் 11 தாக்குதல்களுக்கு மறுநாள் அளித்த நேர்காணலில், தமது குடும்பத்தினர் பலர் போர்களில் பங்கேற்றிருக்கத் தாம் அவ்வகையில் எதுவுமே செய்ததில்லை என்று டில்மன் கூறினார். 2001 பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களை ஆடி முடித்தார். 2002 மே மாதம் தமது இளமைக்காலத் தோழியான மேரியைத் திருமணம் செய்துகொண்டார். பின்னர் கார்டினல்ஸ் அளிக்க முன்வந்த மூன்றாண்டு ஒப்பந்தத்தை ஏற்காமல், தம்பி கெவினுடன் தரைப்படையில் சேர்ந்தார். கெவின் அப்போது தொழில்முறை பேஸ்பால் வீரராக இருந்தார். இருவரும் தமது முடிவைப் பற்றி எந்த ஊடகத்திற்கும் நேர்காணல் அளிக்கவில்லை. 2003 இல் ஆர்தர் ஆஷ் துணிவு விருது இருவருக்கும் வழங்கப்பட்டபோது, தம்பி ரிச்சர்டே அதனைப் பெற்றுக்கொண்டார்.

சகோதரர்கள் இருவரும் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள இரண்டாவது ரேஞ்சர் படைப்பிரிவில் அமர்த்தப்பட்டு, 2003 இல் ஈராக் சென்றனர். ஈராக் போரில் டில்மனுக்கு உடன்பாடு இருக்கவில்லை என்று உடன் பணியாற்றியவர்கள் பின்னர் தெரிவித்தனர். நாடு திரும்பியபின், படையிலிருந்து முன்னதாகவே விலகி மீண்டும் விளையாட வாய்ப்பு உள்ளதாக அவரது முகவர் தெரிவித்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்டதை முடிக்காமல் வரமுடியாது என டில்மன் மறுத்துவிட்டார்.

மறைவு

2004 ஏப்ரலில் டில்மனின் படைக்குழு ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் இருந்தது. பழுதடைந்த வண்டி ஒன்றால் குழுவின் பயணம் தடைப்பட்டது. குழுத் தலைவர் மறுப்புத் தெரிவித்தும், குழுவை இரண்டாகப் பிரிக்குமாறு மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. ஏப்ரல் 22 அன்று டில்மன் இருந்த முதல் பிரிவு குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றைப் பாதிப்பின்றிக் கடந்தது. பின்னால் வந்த, கெவின் இருந்த இரண்டாம் பிரிவு அதே பள்ளத்தாக்கில் தாக்கப்பட்டது.

அவர்களுக்கு உதவ டில்மன், பிரையன் ஓநீல் என்ற இளம் வீரருடனும் ஆப்கானியப் படைவீரர் ஒருவருடனும் மேட்டில் ஏறினார். பள்ளத்தாக்கிலிருந்து வெளிவந்த இரண்டாம் பிரிவின் வண்டி ஒன்றிலிருந்த வீரர்கள், மாலை மங்கிய வெளிச்சத்தில் இவர்களை எதிரிகள் எனக் கருதிச் சுட்டனர். டில்மன் புகைக்குண்டு வீசித் தம்மை அடையாளம் காட்ட முயன்றார். சூடு சற்று நின்று மீண்டும் தொடங்கியபோது தலையில் மூன்று குண்டுகள் பாய்ந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. ஆப்கானியப் படைவீரரும் கொல்லப்பட்டார். ஓநீல் உயிர் தப்பினார்.

மறைப்பும் விசாரணைகளும்

நடந்தது என்ன என்பதைக் களத்தில் இருந்தவர்கள் உடனடியாகவே அறிந்திருந்தனர். எனினும் டில்மனின் சீருடை, குண்டுதுளைக்காத கவச உடை, குறிப்பேடு ஆகியன எரிக்கப்பட்டன. அதே படைக்குழுவில் இருந்த கெவினிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்று தமக்கு ஆணையிடப்பட்டதாக ஓநீல் பின்னர் சாட்சியம் அளித்தார். எதிரியின் சூட்டுக்கு இடையே காட்டிய வீரத்திற்காக என்று குறிப்பிட்டு டில்மனுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. மே 3 அன்று சான் ஹொசேயில் நடந்த நினைவுக் கூட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது.

ஆனால் ஏப்ரல் 29 அன்றே ஜெனரல் ஸ்டான்லி மெக்கிறிஸ்டல், டில்மன் சொந்தப் படையினரால் சுடப்பட்டிருக்கக் கூடும் என்றும், நாட்டுத் தலைவர்கள் தமது உரைகளில் இது குறித்து எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்றும் மேலதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். மரணம் நிகழ்ந்து ஐந்து வாரங்களுக்குப் பின்னர், மே மாத இறுதியிலேயே குடும்பத்தினருக்கு உண்மை தெரிவிக்கப்பட்டது.

டில்மனின் தாயார் மேரி, இராணுவம் அளித்த ஆவணங்களைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து, அவற்றில் இருந்த முரண்பாடுகளை வெளிக்கொணர்ந்தார். இதன் விளைவாக அடுத்தடுத்துப் பல விசாரணைகள் நடந்தன. 2007 மார்ச்சில் வெளியான பாதுகாப்புத் துறை அறிக்கைகள் மரணம் விபத்தே என முடிவு செய்தன. அதே வேளையில் நான்கு ஜெனரல்கள் உட்பட ஒன்பது அதிகாரிகளின் தவறுகளைச் சுட்டிக்காட்டின. ஏப்ரல் 24, 2007 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் கெவினும் தாயாரும் சாட்சியம் அளித்தனர். பதக்கத்திற்கான தமது வாக்குமூலம் வேறொருவரால் மாற்றி எழுதப்பட்டதாக ஓநீல் அங்கு கூறினார். ஓய்வுபெற்ற லெப்டினன்ட் ஜெனரல் பிலிப் கென்சிங்கர் மீது 2007 சூலையில் இராணுவம் கண்டனம் பதிவு செய்தது. சூடு நடத்தியதற்காகவோ, உண்மையை மறைத்ததற்காகவோ எவர் மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை.

நினைவுகள்

கார்டினல்ஸ் அணி அவரது 40 ஆம் எண்ணையும், பல்கலைக்கழகம் அவரது 42 ஆம் எண்ணையும் வேறெவருக்கும் வழங்குவதில்லை. 2010 இல் கல்லூரிக் காற்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டில் ஹூவர் அணைக்கு அருகே கொலராடோ ஆற்றின் மீது திறக்கப்பட்ட பாலத்திற்கு மைக் ஓகாலகன் - பாட் டில்மன் நினைவுப் பாலம் எனப் பெயரிடப்பட்டது. குடும்பத்தினரும் நண்பர்களும் 2004 இல் நிறுவிய அறக்கட்டளை, படைவீரர்களுக்கும் அவர்களது வாழ்க்கைத் துணைவர்களுக்கும் உயர்கல்வி உதவித்தொகை வழங்கிவருகிறது. டெம்பி நகரில் நடத்தப்படும் நினைவு ஓட்டத்தின் தொலைவு, அவரது கல்லூரி எண்ணைக் குறிக்கும் வகையில் 4.2 மைல் ஆகும்.

டில்மனின் வாழ்வைப் பற்றி அவரது தாயார் 2008 இலும், எழுத்தாளர் ஜான் கிராக்கவர் 2009 இலும் நூல்கள் வெளியிட்டனர். அமீர் பார்-லெவ் இயக்கிய "தி டில்மன் ஸ்டோரி" என்ற ஆவணப்படம் 2010 இல் வெளியானது.