சித்தேரி

சித்தேரி, தருமபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பகுதிகளை ஒட்டி எழும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பிரிவுக்கும், அதன்மேல் அமைந்த சிற்றூருக்கும் வழங்கும் பெயர். மேற்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கல்வராயன் மலையும் நிற்க, சேலத்திலிருந்து அரூர் செல்லும் நெடுஞ்சாலை மஞ்சவாடிக் கணவாய் வழியாக, அதாவது சேர்வராயனுக்கும் இம்மலைப் பகுதிக்கும் நடுவிலுள்ள தாழ்ந்த இடைவெளி வழியாகச் செல்கிறது. சேர்வராயனில் தோன்றும் வாணியாறு, பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தின் வயல்களுக்கு நீர் தந்து தென்பெண்ணையில் கலக்கிறது.

ஆவணங்களில் ஒரே ஊராட்சியாகக் குறிக்கப்பட்டாலும், சித்தேரி ஓரிடத்தில் திரண்ட ஊர் அன்று. பள்ளங்களாலும் காப்புக்காடுகளாலும், அதாவது அரசு தன் முழுக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் காடுகளாலும், பிரிந்து கிடக்கும் 60க்கும் மேற்பட்ட குக்கிராமங்களின் தொகுப்பு. வரைபடத்தில் அருகருகே தெரியும் இரு குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கே கிடக்கலாம் என்பதால், இங்கே தொலைவைக் கிலோமீட்டரில் சொல்வதால் பெரிய பயனில்லை. அரசநத்தம், கலசப்பாடி முதலிய ஊர்களின் மக்கள் சாலை கேட்டு நெடுங்காலம் போராடினர். வண்டி ஏறாத இடங்களில், மூங்கில் கழியில் துணியைத் தொட்டிலாகக் கட்டிய தூளியில் நோயாளியைக் கிடத்தி, இருவர் முன்னும் பின்னுமாகத் தோளில் சுமந்து இறக்குவதே வழக்கம்.

இங்கு வாழ்வோர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இவர்களுக்குக் கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்களது வாய்மொழி வரலாறு. சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு ஆகியவை சரிவுக் கொல்லைகளில் மழையை நம்பி விளைகின்றன. மரவள்ளி பணப்பயிராக இடம்பிடித்துள்ளது. புளி, கடுக்காய், தேன் போன்ற காடுபடு பொருள்களும் வருவாய் தருகின்றன. மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவரும் புல் வேய்ந்த கூரையும் கொண்ட பழைய வீடுகள், ஓட்டு வீடுகளுக்கும் கான்கிரீட் வீடுகளுக்கும் இடம் விட்டு வருகின்றன.

இம்மலையின் பின்புலத்தை அதன் அடிவாரத்திலிருந்து பிரித்து எழுத இயலாது. சந்தன மரம் வளரும் இக்காட்டின் உரிமை குறித்த இழுபறி, அடிவாரத்து வாச்சாத்தியில் மிகக் கொடிய வடிவம் எடுத்தது. 1992 ஜூன் 20 அன்று, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரில் நுழைந்து வீடுகளைச் சூறையாடினர்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.