நார்வே அரசின் உலகளாவிய ஓய்வூதிய நிதியம்

நார்வே தன் எண்ணெய், எரிவாயு வருவாயை வருங்காலத் தலைமுறைகளுக்காகச் சேர்த்துவைக்கும் அரசு முதலீட்டு நிதியம் இது. 1969-இல் வடகடலின் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கண்டறியப்பட்டது. நிதியத்துக்கான சட்டம் 1990-இல் இயற்றப்பட்டது. முதல் தொகை 1996-இல் செலுத்தப்பட்டது. 1998 முதல் பங்குகளும் வாங்கப்படுகின்றன. நிர்வாகம் நாட்டின் மத்திய வங்கியிடம் உள்ளது. 2024 இறுதியில் 8,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பங்குகள் இதனிடம் இருந்தன. உலகின் பட்டியலிடப்பட்ட பங்குகளில் இது ஏறத்தாழ 1.5 சதவீதம். நிதியத்தின் இன்றைய மதிப்பில் பாதிக்கும் மேல், எண்ணெய்ப் பணமாக வந்ததல்ல. முதலீடு ஈட்டித் தந்தது.

இந்த வளர்ச்சிக்குப் பொறுமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915 புள்ளிகளில் முடிந்தது. அந்த உச்சத்தை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். ஈவுத்தொகையைச் சேர்த்துப் பார்த்தாலும், ஒரே நாட்டை நம்பியவருக்கு அது மிக நீண்ட காத்திருப்பு. அன்று உலகின் மிகப் பெரிய பங்குச்சந்தையே ஜப்பான்தான் என்பதால், உலகம் முழுவதும் பரப்பி முதலீடு செய்தவரும் அடி வாங்கினார். ஆனால் பிற நாடுகளின் வளர்ச்சி அவரை மீட்டது. நார்வே நிதியம் சொந்த நாட்டில் முதலீடு செய்வதில்லை என்பதையும் இங்கே கருத வேண்டும். ஏற்கெனவே எண்ணெயை நம்பி வாழும் நாடு, சேமிப்பையும் அதே பொருளாதாரத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றாகச் சரியக்கூடும்.

நெருக்கடியில் எல்லாச் சந்தைகளும் சேர்ந்தே விழுகின்றனவே, பரவலாக்கத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது: 2008-இல் நிதியம் 23.3 சதவீதம் இழந்தது. 2009-இல் 25.6 சதவீதம் ஈட்டியும் இழப்பு முழுதாக ஈடாகவில்லை. 100 ஆக இருந்த முதலீடு 76.7 ஆகி, பின் 96.3-க்கு ஏறியது. ஆயினும் பங்குகளின் அளவை 40-இலிருந்து 60 சதவீதமாக உயர்த்த 2007-இல் எடுத்த முடிவின்படி, விலை சரிந்த மாதங்களிலும் நிதியம் வாங்கிக்கொண்டே இருந்தது. ஆண்டுதோறும் எடுக்கும் தொகைக்கு 2001-இல் வகுத்த வரம்பு, அவசரமாக விற்கும் கட்டாயம் வராமல் காத்தது. நிதியத்தின் 4 சதவீதம் என இருந்த அந்த வரம்பு 2017-இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அமெரிக்கப் பங்குகளில் மட்டும் போட்டிருந்தால் கூடுதல் லாபம் கிடைத்திருக்குமே என்பது இன்னொரு வாதம். 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு அது பொருந்தும். ஆனால் 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில், ஈவுத்தொகையைச் சேர்த்தும் எஸ் அண்ட் பி 500 குறியீடு நஷ்டத்தில்தான் முடிந்தது. அடுத்த பத்தாண்டு எந்த நாட்டுக்கு வாய்க்கும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஓர் அரசைப் போலக் குடும்பம் காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. அதனால் அவசரச் செலவுக்கான பணத்தைப் பங்குகளில் போடாமல் தனியே வைப்பதும், ஓய்வுக்காலம் நெருங்க நெருங்கக் கடன்பத்திரங்களைக் கூட்டுவதும் அவசியம். பரவலான முதலீடு, செலவுக்கு ஒரு வரம்பு, சரிவிலும் மாறாத திட்டம் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் நீண்டகால முதலீட்டில் பொறுமைக்குப் பலன் கிடைக்கிறது.