கொரிய எழுத்தும் கணிப்பொறியும்

கொரிய நாட்டை ஆண்ட செஜோங் மன்னர் 1443-ஆம் ஆண்டில் தம் மக்களுக்கெனப் புதியதோர் எழுத்தை வகுத்து, 1446-இல் அதனை நாடறியச் செய்தார். சீன எழுத்தைக் கற்கும் வாய்ப்பற்ற எளியோரும் தம் கருத்தை எழுதவேண்டும் என்பதே அவர் நோக்கம். அடிப்படை மெய்களின் வடிவங்கள், ஒலி பிறக்கையில் நாவும் இதழும் மிடறும் கொள்ளும் நிலையைக் காட்டுவன. தொல்காப்பியப் பிறப்பியலில் தோய்ந்த நமக்கு இஃது இன்பம் பயக்கும் செய்தியன்றோ!

ஹங்குல் எனப்படும் இவ்வெழுத்தில் முதல்மெய், உயிர், இறுதிமெய் ஆகியவை ஒரே கட்டத்துள் அடுக்கப்பட்டு ஓரசையாகும். நாம் 'கண்' என்று ஈரெழுத்தால் எழுதுவதை அவர்கள் ஒரு கட்டத்துள் அடக்கிவிடுவர். முதலில் வருவன 19, உயிர்கள் 21, இறுதியில் வருவன, மெய்யின்றி முடியும் நிலையையும் சேர்த்து, 28. பெருக்கினால் 11,172 அசைகள்.

கணிப்பொறியோ எண்ணை மட்டுமே அறியும். தென்கொரியா 1987-இல் வகுத்த தரம், மிகுதியாக வழங்கும் 2,350 அசைகளுக்கே எண் தந்தது. எஞ்சிய 8,822 அசைகள் வாயிலுக்கு வெளியே நின்றன. உறுப்புகளைக் கூட்டி எழுதப் பிறந்த எழுத்தைச் சீன எழுத்தைப்போல முழுவடிவங்களாகக் கருதியதன் விளைவு இது. ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் பெயர் 'தோம்' போன்று ஒலிக்கும் அசையில் தொடங்கியது. அவ்வசைக்கு அத்தரத்தில் இடமேயில்லை! உறுப்புகளுக்குத் தனித்தனி எண் தந்து இணைக்கும் 'ஜோஹாப்' முறை, 1992-இல்தான் அத்தரத்தின் பின்னிணைப்பில் ஏறிற்று.

உலக மொழிகளுக்குப் பொதுவான யூனிகோடும் 1993-இல் 6,656 அசைகளோடு நின்றது. 1996-இல் அவற்றை அகற்றி, 11,172 அசைகளையும் அகரவரிசையில், 44032 முதல் 55203 வரை, புதிய இடத்தில் அமர்த்தினர். இங்கேதான் செஜோங்கின் அமைப்பு கணக்காக மலர்கிறது. முதல்மெய்யின் எண்ணை 21-ஆல் பெருக்கி உயிரின் எண்ணைக் கூட்டுக. வந்ததை 28-ஆல் பெருக்கி இறுதிமெய்யின் எண்ணையும் 44032-ஐயும் கூட்டுக. சுழியத்திலிருந்து எண்ணினால் 'ஹன்' என்பதில் ஹகரம் 18, அகரம் 0, னகரம் 4, விடை 54620.

ஆனால் பழைய எண்களில் எழுதிவைத்தவை பொருளற்றுப் போயின. அந்தப் பட்டறிவால், ஒருமுறை தந்த எண்ணை இனி மாற்றுவதில்லை என யூனிகோடு அமைப்பினர் உறுதி பூண்டனர். அவ்வுறுதி நம்மையும் தொட்டது. நம் பிள்ளைகள் கைப்பேசியில் 'கொ' என்று எழுதினால், உள்ளே ககரத்திற்கும் ஒகரக் குறிக்குமாக இரண்டு எண்கள் பதிகின்றன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டுமென்று தமிழறிஞர் சிலர் கேட்டபோது, அந்த உறுதியே குறுக்கே நின்றது. தமிழக அரசு 2010-இல் அத்தகைய அனைத்தெழுத்து முறையை யூனிகோட்டுக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டது.