வான்கெல் பொறியில் பீங்கான் பூச்சு

வான்கெல் பொறியில் பீங்கான் பூச்சு என்பது, சுழலிப் பொறியின் பாகங்கள் மீது வெப்பம் ஊடுருவுவதைக் குறைக்கும் மெல்லிய செராமிக் படலத்தை இடும் முறையாகும். உராய்வுக்கு உட்படாத பரப்புகளில் இதனை வீட்டுப் பட்டறையிலும் செய்யலாம். அடைப்பான்கள் உராயும் பரப்புகளில் செய்ய இயலாது.

பின்னணி

பெலிக்ஸ் வான்கெலின் முதற்பொறி 1957 இல் செருமனியின் என்.எஸ்.யு நிறுவனத்தில் இயங்கியது. இப்பொறியின் எரியறை நீண்டும் மெலிந்தும் இருப்பதால் கன அளவுடன் ஒப்பிடுகையில் அதன் பரப்பு அதிகம். எனவே உந்துருளைப் பொறியைவிட வெப்ப இழப்பும் அதிகம். மேலும், எரிதல் எப்போதும் உறையின் ஒரே பக்கத்தில் நிகழ்கிறது. சுழலி உட்புறமாக எண்ணெயால் குளிர்விக்கப்படுகிறது. சுழலியின் முகத்தில் இடப்படும் பூச்சு எண்ணெய்க்குச் செல்லும் வெப்பத்தைக் குறைக்கிறது.

தொழிற்சாலை முறைகள்

1967 முதல் 1977 வரை தயாரிக்கப்பட்ட என்.எஸ்.யு ரோ 80 தானுந்தின் உறையில், நிக்கலில் சிலிக்கன் கார்பைடு துகள்கள் பதிந்த பூச்சு பயன்பட்டது. 1991 இல் லெ மான் 24 மணிநேரப் போட்டியில் வென்ற மாஸ்டா 787பி தானுந்தின் பொறியில் முனை அடைப்பான்கள் செராமிக்கால் ஆனவை. சிர்கோனியாவை உருக்கித் தெளிக்கும் பிளாஸ்மா முறைக்குச் சிறப்புக் கருவிகள் தேவை.

வீட்டுப் பட்டறை முறை

இங்கு தெளித்துச் சூளையில் பதப்படுத்தும் நீர்மப் பூச்சே பயன்படுகிறது.

1. சுழலியின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிச் சூடாக்குதல். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் எஞ்சிய எண்ணெய் பூச்சை உரியச் செய்யும்.
2. அடைப்பான் பள்ளங்கள், தாங்கி, பக்கப் பரப்புகள் ஆகியவற்றை மூடிக் காத்தல்.
3. அலுமினாத் துகள் வீசி முகத்தைச் சொரசொரப்பாக்குதல்.
4. மூன்று முகங்களிலும் ஒரே அளவில் தெளித்தல். வேறுபட்டால் சுழலியின் சமநிலை குலையும்.
5. தயாரிப்பாளர் குறித்த வெப்பநிலையில் பதப்படுத்துதல்.

பூச்சு மெல்லியது என்பதால் அதன் வெப்பத்தடையும் சிறிதே. முகம் கூடுதல் சூடாக இருப்பதால் உட்கொள்ளும் காற்றும் சூடேறி, திறன் குறையவும் கூடும்.

எச்சரிக்கைகள்

ஆற்று மணலை வீசுதல் கூடாது. அதன் சிலிக்காத் தூசி நுரையீரலைப் பாதிக்கும். எத்துகளாயினும் சுவாசக் கவசம் தேவை. சமையல் சூளையைப் பயன்படுத்தலாகாது.

பூச்சிட்ட பின் பள்ளங்களைக் கழுவிச் சோதிப்பதே மிக முக்கியமான படியாகும். அங்கு தங்கும் ஒரு துகள்கூட உறையின் உட்பரப்பைக் கீறிவிடும். குரோம் முலாமிட்ட உறையில் ஏற்படும் அக்கீறலை வீட்டில் சீர்செய்ய இயலாது.