அச்சத்தின் முன் நிறுத்தப்பட்டவர்கள்: ஜான் ஹூஸ்டனின் இரு படங்கள்

1980ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபோபியா’ என்னும் திரைப்படத்தை ஒரு நல்ல படம் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ‘தி மால்ட்டீஸ் ஃபால்கன்’ (1941), ‘தி ட்ரெஷர் ஆஃப் தி சியர்ரா மாட்ரே’ (1948) போன்ற படங்களைத் தந்த ஜான் ஹூஸ்டனின் பெயரை அதன் தலைப்பில் காணும் எவருக்கும் முதலில் எழுவது வியப்பும் அடுத்து எழுவது ஏமாற்றமுமே. விமர்சகர்களும் பார்வையாளர்களும் ஒருசேரக் கைவிட்ட படம் அது. ஆனால் வரலாற்றில் ஆர்வமுடையவர்க்குத் தோல்வியுற்ற படைப்புகளும் சான்றுகளே. ஒரு காலத்தின் மனத்தை அதன் தலைசிறந்த படைப்புகளைவிட அவசரத்தில் செய்யப்பட்ட சரக்குகள் சில வேளைகளில் தெளிவாகக் காட்டிவிடுகின்றன. (படத்தின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத இயலவில்லை. மர்மம் கெடாமல் பார்க்க விரும்பும் நண்பர்கள் பார்த்துவிட்டுப் படிக்கலாம்.)

கதை எளியது. டாக்டர் பீட்டர் ராஸ் என்னும் மனநல மருத்துவர் கொலைக் குற்றவாளிகள் சிலரைத் தம் பொறுப்பில் ஏற்றுப் புதிய சிகிச்சைமுறை ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சநோய் உண்டு. ஒருவருக்குக் கூட்டமும் திறந்தவெளியும், ஒருவருக்குப் பாம்பு, ஒருவருக்கு உயரம், ஒருவருக்கு அடைபட்ட இடம், ஒருத்திக்கு ஆண்கள். அவரவர் அஞ்சும் காட்சியைப் பெரிய திரைகளில் ஓடவிட்டு, அதன் முன் அவர்களை நிறுத்திவைப்பதே ராஸின் மருத்துவம். பிறகு நோயாளிகள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். எதற்கு அஞ்சினார்களோ பெரும்பாலும் அதுவே அவர்களுக்குச் சாவாக வருகிறது. காவல்துறை அதிகாரி ஒருவர் துப்புத் துலக்குகிறார். கொலையாளி மருத்துவரேதான் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

டொராண்டோவில் எடுக்கப்பட்ட கனடியப் படம் இது. திரைப்படத்தில் இடும் முதலீடு முழுவதற்கும் வரிச்சலுகை பெறலாம் என்று 1970களின் நடுவில் கனடிய அரசு வழிசெய்தது. அதன்பின் அங்கே படங்கள் பெருகின. அவற்றில் திகில் படங்கள் மிகுதி. ‘ஸ்லாஷர்’ என்று இன்று வழங்கும் வகையில், அதாவது மறைந்திருக்கும் கொலையாளி ஒருவன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் கதைகளில், கனடாவின் பங்கு பெரிது. ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ (1974), ‘ப்ராம் நைட்’ (1980), ‘மை பிளடி வாலன்டைன்’ (1981) ஆகியவை கனடியப் படங்களே. இடையில் அமெரிக்காவில் ‘ஹாலோவீன்’ (1978) பெற்ற பெருவெற்றி இவ்வகைக்குச் சந்தையைத் திறந்துவிட்டிருந்தது. 1980இல் ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ படத்தை அமெரிக்காவில் வெளியிட்ட பாராமவுண்ட் நிறுவனமே ‘ஃபோபியா’வையும் வெளியிட்டது. திரைக்கதையில் பங்கேற்றவர்களுள் ஒருவர் ஜிம்மி சாங்ஸ்டர்; பிரிட்டனின் ஹாமர் நிறுவனத்திற்காக ‘தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’ (1957) எழுதியவர். தான் உருவாக்கியதைத் தானே அழிக்கும் அறிவியலாளன் அவருக்குப் பழகிய பாத்திரம்தான்.

இவ்வளவோடு நின்றால் ‘ஃபோபியா’ வரிச்சலுகைக் காலத்துச் சரக்குகளுள் ஒன்று என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்க முடியாமல் தடுப்பது, அதே இயக்குநர் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த இன்னொரு படம்.

இரண்டாம் உலகப்போரின் முடிவில், போர்முனையில் மனம் உடைந்து திரும்பிய வீரர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்குமாறு அமெரிக்க இராணுவம் ஹூஸ்டனைப் பணித்தது. அவர் அப்போது இராணுவ அதிகாரியாகவும் இருந்தார். நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்த மேசன் பொது மருத்துவமனையில் படப்பிடிப்பு நடந்தது. 1946இல் நிறைவுற்ற அப்படத்திற்கு ‘லெட் தேர் பி லைட்’ என்று பெயர். விவிலியத்தின் தொடக்கத்தில் இறைவன் ஒளியைத் தோற்றுவிக்கும் ஆணையே அத்தலைப்பு. ஹூஸ்டனின் தந்தையும் புகழ்பெற்ற நடிகருமான வால்ட்டர் ஹூஸ்டன் பின்னணியுரை வழங்கினார்.

உடலில் காயமே இல்லாமல் நடக்க முடியாதவர், பேச்சுத் திக்கியவர், தம் பெயரையே மறந்தவர், சொல்லத் தொடங்கியதும் அழுகை முட்டுபவர் என்று வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கேமராவின் முன் வந்து அமர்கின்றனர். கறுப்பின வீரரும் வெள்ளை வீரரும் ஒரே அறையில் அமர்ந்து பேசுகின்றனர். அமெரிக்க இராணுவம் நிறத்தால் பிரிந்து கிடந்த காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மருத்துவர்கள் அறிதுயிலில் ஆழ்த்துகின்றனர். சோடியம் அமிட்டால் என்னும் மருந்தை ஊசிவழி ஏற்றுகின்றனர். மருந்தின் மயக்கத்தில் வீரர் தாம் அஞ்சிய அந்தக் கணத்திற்கே திரும்பிச் செல்கிறார். விழித்ததும் எழுந்து நடக்கிறார். இன்னொருவருக்கு நா திறக்கிறது. பேச முடிவதை அவராலேயே நம்ப முடியவில்லை. மருத்துவரின் குரல் தந்தையின் குரலைப் போல் ஒலிக்கிறது. அக்குரலில் ஐயமே இல்லை.

இத்துணை நம்பிக்கை நிறைந்த படத்தை இராணுவம் திரையிட விடவில்லை. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நண்பர்களுக்குக் காட்டவிருந்த படச்சுருளை இராணுவக் காவலர் வந்து எடுத்துச் சென்றதாக ஹூஸ்டன் கூறியுள்ளார். நோயுற்ற வீரர்களின் தனியுரிமை பாதிக்கப்படும் என்பது இராணுவம் சொன்ன காரணம். போருக்குச் சென்றவர் வலிமை பெற்றே திரும்புவர் என்னும் வீரத் தொன்மத்தைக் காப்பதே உண்மைக் காரணம் என்பது ஹூஸ்டனின் கருத்து. பின்னர், 1948இல், ஏறத்தாழ அதே பொருளில் நடிகர்களைக் கொண்டு ‘ஷேட்ஸ் ஆஃப் க்ரே’ என்னும் படத்தை இராணுவமே எடுத்துக்கொண்டது. ஹூஸ்டனின் படம் பெட்டியிலேயே கிடந்தது. அதன்மீதான தடை விலகியது 1980 டிசம்பரில். பொதுமக்கள் அதைத் திரையரங்கில் கண்டது 1981இல்.

நோயாளியை அச்சத்தின் முன் நிறுத்தும் மருத்துவரைக் கொலையாளியாகக் காட்டிய படமும், அதே செயலைச் செய்யும் மருத்துவரை மீட்பராகக் காட்டிய படமும் இவ்வாறு சில மாத இடைவெளியில் மக்களை வந்தடைந்தன. இரண்டையும் எடுத்தவர் ஒருவரே. இடையில் நடந்தது என்ன?

இடையில் ‘ஃப்ராய்ட்’ (1962) என்னும் மூன்றாவது படமும் உண்டு. அதற்குத் திரைக்கதை எழுத ஹூஸ்டன் அழைத்தது ழான்-பால் சார்த்தரை. படமாக்க முடியாத அளவிற்குச் சார்த்தர் எழுதிக் குவித்தார். சுருக்கச் சொன்னபோது மேலும் நீட்டினார். முடிவில் தம் பெயரையே விலக்கிக்கொண்டார். இறுதித் திரைக்கதையில் பெயர் பெற்ற இருவருள் ஒருவரான சார்லஸ் காஃப்மன், போர்க்கால ஆவணப்படத்தில் ஹூஸ்டனோடு சேர்ந்து எழுதியவர். அப்படத்தில் மருத்துவர் தாமும் அஞ்சுகிறார். தம் கனவுகளுக்குள் தாமே இறங்குகிறார். மீட்பரிடம் முதல் நிழல் விழுவது அங்கேதான்.

மருத்துவமும் மாறிக்கொண்டிருந்தது. தென்னாப்பிரிக்கரான ஜோசப் வோல்ப் போர்க்காலத்தில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியவர். ஹூஸ்டனின் கேமரா அதிசயமாகக் கண்ட அந்த மருந்து மயக்க சிகிச்சையை அவரும் கையாண்டார்; அதன் பலன் நிலைக்கவில்லை என்று கண்டார். அவ்வேமாற்றமே அவரை வேறு வழி தேடச் செய்தது. உடலைத் தளர்த்தி அமைதிப்படுத்திக்கொண்டு, சிறிய அச்சத்திலிருந்து பெரிய அச்சத்திற்குப் படிப்படியாக ஏறும் முறையை 1958இல் வெளியான தம் நூலில் விளக்கினார். பாம்புக்கு அஞ்சுபவர் முதலில் பாம்பு என்னும் சொல்லை எதிர்கொள்வார், பிறகு படத்தை, பிறகு கூண்டுக்குள் இருப்பதை. தாங்க முடியாதபோது கையை உயர்த்தினால் போதும், மருத்துவர் நிறுத்திவிடுவார். 1960களில் அமெரிக்காவின் தாமஸ் ஸ்டாம்ஃபல் இதற்கு எதிர்த்திசையில் சென்றார். படிகள் வேண்டா, அச்சத்தின் உச்சத்தையே கற்பனையில் எதிர்கொள்ளச் செய்து, அது தானே வடியும்வரை அங்கேயே வைத்திருப்பது அவர் முறை. டாக்டர் ராஸின் திரைகள் இவ்விரண்டாம் வழியின் மிகையுருவம் எனலாம்.

இரண்டு வழிகளுமே நோயாளியின் இசைவை அடித்தளமாகக் கொண்டவை. அந்த இசைவு இல்லாத இடத்தில் மருத்துவம் என்னவாகும் என்பதற்குக் கனடாவிலேயே சான்று இருந்தது. மான்ட்ரியாலின் ஆலன் நினைவு நிலையத்தில் ஈவன் கேமரன் என்பவர் நோயாளிகளை வாரக்கணக்கில் மருந்துத் தூக்கத்தில் ஆழ்த்தினார். மீண்டும் மீண்டும் மின்னதிர்ச்சி கொடுத்தார். ஒலிநாடாவில் பதிந்த ஒரே வாக்கியத்தை ஓயாமல் கேட்கச் செய்தார். பதற்றம், மகப்பேற்றுக்குப் பிந்திய சோர்வு என்று வந்தவர்கள் தம் நினைவுகளை இழந்து வீடு திரும்பினர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவராகவும் உலக மனநல மருத்துவர் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கியவர் அவர். 1957 முதல் சில ஆண்டுகள் அவருடைய சோதனைகளுக்கு எம்கே அல்ட்ரா என்னும் மறைவுத் திட்டத்தின்வழி அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. பணம் தந்தது 1970களின் இறுதியில் அம்பலமாயிற்று. பாதிக்கப்பட்டோர் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது 1980இல். 1988இல் ஒன்பது பேருக்குச் சேர்த்து 7,50,000 டாலர் என்று வழக்கு முடிந்தது. ‘ஃபோபியா’ இவ்வழக்கைத் தழுவியதன்று. எனினும், வெள்ளை மேலங்கிக்குள் கொலையாளி இருக்கக்கூடும் என்பதைப் பார்வையாளர் நம்ப அதிகம் மெனக்கெட வேண்டாத காலம் அது. பிரையன் டி பால்மாவின் ‘ட்ரெஸ்ட் டு கில்’ படத்திலும் கொலையாளி மனநல மருத்துவரே, அதுவும் 1980தான்.

இவ்விடத்தில் நமக்கு அறிமுகமான ஒரு வகைப்பாடு துணைசெய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேயும் தெய்வமும், கொடிய உயிர்கள், தீங்கு செய்வோர் ஆகியவற்றோடு நான்காவதாக நம்மீது அதிகாரம் உடையவரையும் சேர்த்தது அந்நூலின் நுட்பம். ராஸின் நோயாளிகளுடைய அச்சங்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள்: பாம்பு உண்டு, உயரம் உண்டு, கூட்டம் உண்டு. நான்காவதான இறையச்சம் மட்டும் அவர்களுள் எவருக்கும் இல்லை. அஞ்ச வேண்டிய ஒன்றுக்கு அவர்கள் அஞ்சவில்லை. சிறையில் இருந்தவர்கள் அவர்கள். சோதனைக்கு மறுத்தால் திரும்பிப் போகும் இடம் சிறைதான். அத்தகையோர் தரும் இசைவுக்கு என்ன பொருள்? கையை உயர்த்தினால் நிறுத்துவதற்கு அங்கே எவர் இருக்கிறார்?

இக்கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு 1946ஆம் ஆண்டுப் படத்திற்குத் திரும்பினால் அதுவும் முன்போல் தோன்றுவதில்லை. மேசன் மருத்துவமனையின் வீரர்கள் ஆணைக்குக் கட்டுப்பட்டவர்கள். மருத்துவர் அதிகாரி, படமெடுப்பவரும் அதிகாரி. மயக்க மருந்தின் பிடியில் ஒருவர் கதறுவதைக் கேமரா அருகிலிருந்து பதிவுசெய்கிறது. தனியுரிமை என்று இராணுவம் சொன்னது சாக்காக இருக்கலாம். ஆயினும் அச்சாக்குக்குள் ஓர் உண்மைக் கேள்வி இருந்தது. ஹூஸ்டனின் சிறந்த படம் அதைக் கேட்கவில்லை. மருத்துவரின் கருணையில் அதற்கு முழு நம்பிக்கை. அவருடைய மோசமான படம், தன்னை அறியாமலேயே, அதைக் கேட்டுவிட்டது.

கேட்டதே தவிர, விடையைத் தவறவிட்டது. கொலைகளுக்குக் காரணம் ராஸின் தனிப்பட்ட மனக்கோளாறு என்று முடிப்பதன்மூலம், கைதிகளை அவரிடம் ஒப்படைத்த சிறையும் அரசும் மருத்துவமனையும் எவ்விசாரணையுமின்றித் தப்பிவிடுகின்றன. ஆலன் நிலையத்தில் நடந்தது ஒரு பித்தனின் செயல் அன்று. பணம் கொடுத்தவர்களும் பதவி கொடுத்தவர்களும் இருந்தனர். ஸ்லாஷர் வகைக்குத் தேவை ஒரு கொலையாளி மட்டுமே. நிறுவனத்திற்கு முகமூடி அணிவிக்க அவ்வகைக்குத் தெரியாது.

அந்த ஆண்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டதும் 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்காக வாதாடிய மருத்துவர்களும் விடாது வலியுறுத்தியதன் பயனாக, பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்தக் கோளாறு என்னும் நோய்ப்பெயர் முதன்முறையாக அதில் இடம்பெற்றது. 1946இல் படம்பிடிக்கப்பட்ட அந்த வீரர்களின் துன்பத்திற்கு ஒரு பெயர் கிடைத்த ஆண்டிலேயே அவர்களுடைய முகங்களுக்கும் விடுதலை கிடைத்தது. பெயரை வாங்கித் தந்தது மருத்துவரின் கருணை மட்டுமன்று. நோயுற்றவர்களே அதிகாரத்தின் முன் வந்து நின்று பேசியதும்தான். ராஸின் நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பைத் தர எவரும் எண்ணவில்லை. ‘லெட் தேர் பி லைட்’ 2010இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ‘ஃபோபியா’வை எவரும் எதிலும் சேர்க்கப் போவதில்லை. ஆனால் முதல் படத்தைப் பார்த்து நெகிழ்பவர்கள், சற்றுப் பொறுமை இருந்தால், இரண்டாவதையும் பார்க்கலாம். அந்த நெகிழ்ச்சிக்குள் எழாமல் போன ஒரு கேள்வி அங்கே கிடைக்கும்.