இல்லறமும் விடுதலை வேட்கையும்

ஓர் ஆட்சியின்கீழ் மக்கள் எவ்வாறு வாழவேண்டும் என்று கருதப்பட்டது என்பதை அந்நாட்டுச் சட்டநூல்கள் காட்டும். அம்மக்கள் உள்ளத்துள் எதற்காக ஏங்கினர் என்பதை அறியவேண்டுமாயின் அந்நாட்டுக் கதைகளையே நாடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் மணமான பெண்ணின் நிலை எத்தகையது என்னும் வினாவுக்கு இவ்விரு வகைச் சான்றுகளும் வெவ்வேறு விடைகள் தருகின்றன. சட்டம் அவளுக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்துவந்த அதே காலத்தில், வீட்டுக்குள் அவள் மூச்சுமுட்டித் தவித்தாள் என்பதை 1890 முதல் 1894 வரை வெளிவந்த மூன்று சிறுகதைகள் எடுத்துரைக்கின்றன. மூன்றையும் எழுதியோர் பெண்கள்.

சட்டம் கண்ட மனைவி

இங்கிலாந்தின் சட்ட அறிஞரான வில்லியம் பிளாக்ஸ்டன், 1765 முதல் 1769 வரை வெளியிட்ட தம் விளக்கவுரைகளில், திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒருவரே ஆகின்றனர் என்று எழுதினார். அந்த 'ஒருவர்' கணவனே என்பது நடைமுறை. மனைவி தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய இயலாது. வழக்குத் தொடுக்க இயலாது. உழைத்து ஈட்டிய கூலியும் அவளுக்கு உரியதன்று. ஆங்கிலேயச் சட்டமரபைத் தழுவிய அமெரிக்க மாநிலங்களிலும் இந்நிலையே நிலவியது.

மாற்றம் மெல்ல வந்தது. 1839இல் மிசிசிப்பி மாநிலமும், 1848இல் நியூயார்க் மாநிலமும் மனைவியின் சொத்துரிமைக்குச் சட்டம் இயற்றின. அந்த 1848ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நியூயார்க் மாநிலத்துச் செனிக்கா பால்சு என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூடியது. அங்கு வெளியிடப்பெற்ற அறிக்கையில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டனர். 1860இல் நியூயார்க் மாநிலம் மனைவியின் சம்பாத்தியமும் அவளுக்கே உரியது என ஏற்றது. பிற மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வழியில் சென்றன.

எனினும், நிலத்தையும் பணத்தையும் மனைவிக்கு உரிமையாக்கிய சட்டம், அவளுடைய நாள்பொழுதையும் எண்ணத்தையும் அவளுக்கு உரிமையாக்கவில்லை. அது சட்டத்தால் ஆகும் செயலும் அன்று. இவ்விடைவெளியில்தான் மேற்கூறிய மூன்று கதைகளும் பிறந்தன.

கொட்டகையில் குடியேறிய தாய்

முதலாவது, மேரி வில்கின்சு 1890இல் வெளியிட்ட 'தாயின் கிளர்ச்சி' என்னும் கதை. பின்னாளில் மணம் புரிந்து மேரி வில்கின்சு பிரீமன் எனப் பெயர் பெற்ற இவர், நியூ இங்கிலாந்து வட்டாரத்துச் சிற்றூர் வாழ்வை எழுதியவர். கதைத்தலைவி சாரா பென். மணமான புதிதில் அவள் கணவன், நல்லதொரு வீடு கட்டித்தருவதாக வாக்களித்திருந்தான். 40 ஆண்டுகள் கழிந்தும் வீடு எழவில்லை. அவ்வீடு எழவேண்டிய இடத்தில் மற்றுமொரு மாட்டுக்கொட்டகையே எழுகின்றது. சாரா காரணம் காட்டிப் பேசுகிறாள். கணவன் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று வாய்மூடி இருக்கிறான். அவன் குதிரை வாங்க வெளியூர் சென்ற வேளையில், அவள் அடுப்பு முதல் படுக்கை வரை அனைத்தையும் புதிய கொட்டகைக்கு மாற்றிக் குடியேறிவிடுகிறாள். ஊர் பேசுகிறது, பாதிரியார் அறிவுரை கூற வருகிறார். அவள் அசையவில்லை. திரும்பிவந்த கணவன் இறுதியில் கண்ணீர் சொரிந்து, அவள் கேட்டவாறே தடுப்புச்சுவர்கள் அமைத்துத்தர இசைகிறான்.

சாரா கணவனைப் பிரிய நினைக்கவில்லை. தன் சொல்லுக்கும் வீட்டில் எடை உண்டு என்பதை நிலைநாட்டவே அவள் விரும்பினாள்.

எழுதுகோல் மறுக்கப்பட்டவள்

இரண்டாவது, சார்லட் பெர்கின்சு கில்மன் எழுதி 1892 சனவரியில் 'நியூ இங்கிலாந்து மேகசின்' இதழில் வெளிவந்த 'மஞ்சள் சுவர்த்தாள்'. இக்கதைக்கு ஆசிரியையின் வாழ்வே விதை. 1884இல் மணம் புரிந்து, மறு ஆண்டு ஒரு மகளை ஈன்றபின் அவர் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். 1887இல் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் வெயர் மிட்செல், தம் 'ஓய்வு மருத்துவ' முறையை அவருக்கு அளித்தார். இல்லறக் கடமைகளிலேயே ஆழ்ந்திருக்க வேண்டும், அறிவுசார்ந்த பணி நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, எழுதுகோலை இனித் தொடவே கூடாது என்பவை மருத்துவரின் கட்டளைகள். சில திங்கள் கீழ்ப்படிந்ததில் தம் அறிவே குலையும் நிலையை எட்டியதாகக் கில்மன் 1913இல் எழுதினார்.

கதையில் வரும் கணவன் மருத்துவன். மனைவியை அன்பொழுக அழைப்பவன். அவள் நலத்துக்கென்றே கோடைக்கால மாளிகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, சாளரங்களில் கம்பி பதித்த மாடியறையில் அவளைத் தங்கவைக்கிறான், எழுதுவதைத் தடுக்கிறான். அவள் ஒளித்துவைத்து எழுதும் குறிப்புகளே கதையாகின்றன. நாள் செல்லச்செல்ல, சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் சிறைப்பட்டு உலுக்குவதாக அவளுக்குத் தோன்றுகிறது. இறுதியில் தாளைக் கிழித்து, தானே அப்பெண்ணாகி அறையைச் சுற்றித் தவழ்கிறாள். கண்ட கணவன் மயங்கி விழ, அவள் அவன்மேல் ஏறித் தவழ்ந்து செல்கிறாள்.

ஒரு மணி நேரத்து விடுதலை

மூன்றாவது, கேட் சோப்பின் எழுதி 1894 திசம்பர் 6ஆம் நாள் 'வோக்' இதழில் வெளிவந்த கதை. இன்று 'ஒரு மணி நேரத்தின் கதை' என வழங்குவது. சோப்பின் 1850இல் செயிண்ட் லூயிசு நகரில் பிறந்தவர். 1855இல் நிகழ்ந்த ரயில் விபத்தில் தந்தையை இழந்து, கைம்பெண்களான தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி ஆகியோரிடையே வளர்ந்தார். 1882இல் கணவரும் மறைய, 32ஆம் வயதில் ஆறு மக்களுடன் தனித்து நின்று, அவர் விட்டுச்சென்ற வணிகத்தைச் சிலகாலம் தாமே நடத்தினார்.

கதைத்தலைவி லூயிசு மல்லார்டு இதய நோயினள். கணவன் ரயில் விபத்தில் இறந்தான் என்னும் செய்தி வர, கதறியழுது தன் அறைக்குள் தனித்துச் செல்கிறாள். திறந்த சாளரத்துக்கு வெளியே வேனில் துளிர்த்த மரங்களும் மழையின் மணமும் அவளை எதிர்கொள்கின்றன. இனி வரும் ஆண்டுகள் தனக்கே உரியவை என்னும் எண்ணம், அவள் தடுத்தும் நில்லாமல் உள்ளே புகுகின்றது. கணவன் கொடியவன் அல்லன் என்பதை அவள் நன்கறிவாள். அவன் உடலைக் காணும்போது அழப்போவதையும் அறிவாள். ஆயினும் விடுதலை பெற்றோம் என்றே அவள் நெஞ்சம் துள்ளுகின்றது. அவள் படியிறங்கும்போது கதவு திறக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கே செல்லாத கணவன் உள்ளே வருகிறான். அவள் உயிர் பிரிகிறது. அளவிறந்த மகிழ்ச்சியால் இறந்தாள் என்கின்றனர் மருத்துவர்கள்.

முடிவுகள் உணர்த்துவன

மூன்று கதைகளிலும் கணவன்மார் கொடியவர் அல்லர். அடித்தலோ குடித்தலோ எதிலும் இல்லை. கொடுங்கோலனான கணவனைக் காட்டியிருப்பின், படிப்போர் குற்றத்தை அவன் ஒருவன்மீது சுமத்திவிட்டு அமைதியடைந்திருப்பர். நல்லவனைக் காட்டியதால் கேள்வி திருமண அமைப்பின்மீதே திரும்புகின்றது. ஒருவரின் வாழ்வை மற்றொருவர், அன்பினாலேயே ஆயினும், முற்றும் வகுத்துவிடலாமா என்பதே அக்கேள்வி.

அடுத்து, விடுதலைக்குக் கொடுத்த விலையை நோக்கவேண்டும். ஒருத்தி அறிவை இழந்தாள். மற்றொருத்தி உயிரை இழந்தாள். வெற்றி கண்டவள் சாரா ஒருத்தியே. அவ்வெற்றியும் நிலைக்கவில்லை. 1917இல் ஆசிரியை பிரீமன், அக்கதையில் உண்மை இல்லை, நியூ இங்கிலாந்தில் அத்தகைய பெண் எவரும் இருந்ததில்லை என்று எழுதித் தம் படைப்பைத் தாமே மறுத்தார். துணிந்த மனைவியைக் கற்பனையில் படைப்பது எளிது. அவள் உலகில் உண்டென்று சாதிப்பது அரிது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

எழுதிய பெண்களும் விலை கொடுத்தனர். கில்மன் 1894இல் மணவிலக்குப் பெற்றார். 1899இல் சோப்பின் வெளியிட்ட 'விழிப்பு' என்னும் புதினம், மனைவியின் விடுதலை வேட்கையை விரித்துரைத்ததால் கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1904இல் அவர் மறைந்தபின் அவர் எழுத்துகள் பெரும்பாலும் மறக்கப்பட்டன. 1969இல் நார்வே அறிஞர் பேர் செயர்ஸ்டட் அவர்தம் படைப்புகளைத் தொகுத்து வெளியிட்ட பின்னரே அவை மீண்டும் பரவலாகப் படிக்கப்பட்டன. 'மஞ்சள் சுவர்த்தாள்' 1973இல் தனிநூலாக மறுபதிப்புப் பெற்றுப் புத்துயிர் கொண்டது.

இக்கதைகளை வகுப்பறையில் கற்கும் மாணவர், குற்றவாளி யார் என்று தேடுவதினும், அம்மூவரும் கேட்டவை யாவை என்று எண்ணிப் பார்த்தல் நன்று. ஒருத்தி கேட்டது தன் சொல்லுக்கு மதிப்பு. ஒருத்தி கேட்டது எழுதுகோல். ஒருத்தி கேட்டது தன் ஆண்டுகளைத் தானே வாழும் உரிமை. இவற்றுள் எதையும் அன்று எந்தச் சட்டமும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அவை வேண்டற்பாலன என்று பதிவுசெய்த பெருமை சில பக்கங்களே கொண்ட அச்சிறுகதைகளைச் சாரும்.