'ஓகே': ஒரு சொல்லின் பிறப்பும் பொருளும்

1. முதற்சான்று

'ஓகே' அளவுக்கு உலக மொழிகளில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொல் அரிது. அச்சில் அது முதன்முதலாகக் காணப்படுவது 1839 மார்ச் 23இல், சார்லஸ் கார்டன் கிரீன் ஆசிரியராக இருந்த 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில். 'ஓ.கே.' என்ற எழுத்துகளை அடுத்து 'ஆல் கரெக்ட்', அதாவது 'எல்லாம் சரி' என்ற விளக்கமும் அங்கே உண்டு.

அத்தொடரின் முதலெழுத்துகள் முறைப்படி ஏ, சி என்றல்லவா வரவேண்டும்? அக்காலப் பாஸ்டன் இதழ்களில் தொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்குவது மோகமாக இருந்தது. வேடிக்கைக்காக எழுத்துப்பிழையோடும் சுருக்கினார்கள். 'ஆல் ரைட்' என்பதற்கு 'ஓ.டபிள்யூ.' என எழுதியதும் அவ்வகையே. அது வழக்கொழிந்தது, ஓ.கே. நிலைத்தது.

2. நிலைத்த காரணம்

அரசியலே காரணம். 1840 தேர்தலில் மீண்டும் போட்டியிட்ட அமெரிக்க ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹூக்கில் பிறந்தவர். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற அவருடைய பட்டப்பெயரைச் சுருக்கி, ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' நடத்தினார்கள். முன்னாள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துக்கூட்டத் தெரியாமல் எழுதியதே ஓ.கே. என்று எதிரணியினர் கதை கட்டினார்கள். வான் பியூரன் தோற்றார். இரு தரப்பும் சேர்ந்து பரப்பிய சொல்லோ நாடெங்கும் வேரூன்றியது. பின்னர் தந்தி ஊழியர்களும் அதைக் கையாண்டார்கள்.

3. பிற கருத்துகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால பிஸ்கட் பெட்டிகளில் பொறித்த எழுத்துகளிலிருந்து வந்தது என்பது ஒரு கருத்து. அந்தப் போர் தொடங்கியது 1861இல். எனவே அது நிற்காது. சொக்டாவ் பழங்குடி மொழியின் 'ஓகே'யைச் சுட்டுவோரும் உண்டு. ஜனாதிபதி உட்ரோ வில்சன் அதை ஏற்றவர். மேற்கு ஆப்பிரிக்க மூலம் காட்டுவோரின் வாதத்தை எளிதில் தள்ளக்கூடாது. அங்கிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் பேச்சு அன்று அச்சேறியது மிகக் குறைவு. ஆயினும் ஒலி ஒப்புமை மட்டும் சான்றாகாது. 1963–64இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' ஆய்விதழில் ஆலன் வாக்கர் ரீட் பழைய நாளிதழ்களை வரிசைப்படுத்திக் காட்டிய தொடர்ச்சி, இக்கருத்துகள் எவற்றுக்கும் இல்லை.

4. பொருள் விரிவு

பெயராகவும் வினையாகவும் அடையாகவும் இது வழங்குகிறது. 'எல்லாம் சரி' என்ற முழுப்பாராட்டு இன்று தேய்ந்துவிட்டது. 'படம் ஓகே' என்றால் குறை சொல்ல முடியாது, கொண்டாடவும் முடியாது என்றே பொருள். கோப்பை 'ஓகே' செய்தவர் அனுமதி தருகிறார். அதன் உள்ளடக்கத்தைப் புகழ்கிறார் என்று ஆகாது. புகழாமலே இசைவு தெரிவிக்க உதவும் இந்த நடுநிலையே அதன் இன்றைய வலிமை என்பது என் கருத்து.